வலது முன் சக்கரத்துச் சத்தமும் உங்கள் ஐந்து மாத "நார்மல்"உம்

அனுப்புநர்:
வேளச்சேரி வாடிக்கையாளர், சென்னை
(பெயர், வண்டி எண், பில் எண்கள் இணைத்துள்ள படிவத்தில்)

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு, தலைமை அலுவலகம்
நகல்: மேலாளர், உங்கள் சென்னை சர்வீஸ் சென்டர்

நாள்: 9.12.2024

பொருள்: வீல் பேரிங் (சக்கரம் உராயாமல் சுழல உதவும் குண்டு வளையம்) சத்தத்தை டயர் சத்தம், பிரேக் சத்தம் என்று ஐந்து மாதம் சொல்லிப் பணம் வாங்கியதும், பின்பு வாரண்டி மறுத்ததும் குறித்து.

ஐயா / அம்மையீர்,

என் காரில் வந்த சத்தம் நின்றுவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "வண்டியைக் கொண்டு வாங்க மேடம், பாத்துடலாம்" என்று உங்களிடமிருந்து இன்னொரு போன் வரும். வண்டியைக் கொண்டுவந்து கொண்டுவந்துதான் இந்தக் கடிதம் எழுதும் நிலைக்கு வந்திருக்கிறேன்.

வண்டி 2022 ஆகஸ்டில் வாங்கியது. மூன்று வருட வாரண்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் நின்ற எல்லா வண்டிகளையும் போல இதுவும் தண்ணீரில் நின்றது. உள்ளே தண்ணீர் ஏறவில்லை. ஆனால் சக்கரத்தின் நடு வரைக்கும் தண்ணீர், இரண்டு நாளுக்கு மேல். ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று உங்கள் கம்பெனியே குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது. நானும் செய்யவில்லை. தண்ணீர் வடிந்ததும் கட்டி இழுத்துத்தான் உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தேன். 'வெள்ளப் பரிசோதனை' என்று 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, டிக் போட்ட ஒரு தாளையும் கொடுத்தீர்கள். அந்தத் தாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு வேலை இருக்கிறது.

2024 ஜூனில் சத்தம் ஆரம்பித்தது. அப்போது வண்டி 31,000 கிலோமீட்டர் தாண்டியிருந்தது. திண்டிவனத்தில் இருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்க மாதம் இரண்டு முறையாவது சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் போகிறவள் நான். அறுபதுக்குக் கீழே ஒன்றும் கேட்காது. அறுபதைத் தாண்டினால் அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். எண்பதில் நன்றாகக் கேட்கும். நூறில் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டும். வெட் கிரைண்டரில் மாவை வழித்துவிட்டு நிறுத்த மறந்தால் வெறுங்கல் சுற்றுமே, ஏறக்குறைய அந்தச் சத்தம். முதல் தடவை வந்தபோதே உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் இதே வார்த்தைகளில்தான் சொன்னேன். வண்டியின் குறையைக் குறிக்கும் ஜாப் கார்டில் அவர் எழுதியது: 'முன்பக்கம் சத்தம்.' அறுபது, எண்பது என்று நான் சொன்ன கணக்கெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

ஜூனில் வீல் அலைன்மென்ட், பேலன்சிங் செய்து டயர்களை இடம் மாற்றிப் போட்டீர்கள். 1,650 ரூபாய். வண்டியை எடுத்துக்கொண்டு பரனூர் டோல் தாண்டுவதற்குள் அதே சத்தம். ஆகஸ்டில் வேறொரு அட்வைசர். முன் டயர் இரண்டும் ஒரு மாதிரி அலையலையாகத் தேய்ந்திருப்பதாகவும் சத்தம் அதிலிருந்துதான் வருவதாகவும் சொல்லி இரண்டு புது டயர் போட வைத்தார். 12,800 ரூபாய். அன்றைய ஜாப் கார்டிலேயே பழைய டயரின் பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டர் என்று உங்கள் ஆள் குறித்திருக்கிறார். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். சரி, சத்தம் நின்றால் போதும் என்று பணத்தைக் கட்டினேன். நிற்கவில்லை. புது டயரில் மற்ற இரைச்சல் குறைந்ததால் இந்த முனகல் இன்னும் துல்லியமாகக் கேட்டது, அவ்வளவுதான்.

அக்டோபரில் மூன்றாவது அட்வைசர். "உங்க வீட்டுக்காரரை ஒரு தடவை வரச் சொல்லுங்க மேடம், அவர்கிட்ட விளக்கிடுறேன்" என்றார். என் வீட்டுக்காரருக்கு லைசென்ஸே கிடையாது. அதைச் சொன்னதும் பிரேக் பேட் உரசுகிறது என்று பேச்சு மாறியது. பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்ததற்கு 1,900 ரூபாய். அன்று நான் பிடிவாதமாக, "யாராவது என்னோடு உட்கார்ந்து வாங்க, ரோட்டில் காட்டுகிறேன்" என்றேன். ஒரு பையன் வந்தார். உங்கள் வளாகத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில். அறுபதுக்கு மேல்தான் கேட்கும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவரோ கேட் தாண்டிப் போக அனுமதி இல்லை என்கிறார். ஜாப் கார்டில் 'ஓட்டிப் பார்த்தோம், சத்தம் நார்மல்' என்று எழுதினார்கள். அந்த வேகத்தில் மாட்டு வண்டி கூடச் சத்தம் போடாது.

ஒவ்வொரு தடவையும் மூன்றாம் நாள் தவறாமல் ஒரு போன் மட்டும் வந்துவிடும். பத்துக்குப் பத்து மார்க் போடச் சொல்வார்கள். ஒன்பது போட்டாலே அட்வைசருக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களாம். பாவம் என்று இரண்டு தடவை பத்து போட்டேன். இப்போது அந்த மார்க்கைக் காட்டி, வாடிக்கையாளர் திருப்தியாகத்தானே இருந்தார் என்று உங்கள் மேலாளர் மின்னஞ்சலில் கேட்கிறார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். என் அப்பா அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் வண்டிச் சத்தத்தோடு வாழ்ந்த காது. ஸ்பீடு பிரேக்கரில் 'லொடக்' என்றால் லிங்க் ராடோ புஷ்ஷோ, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக்டக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட், காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்றால் பெல்ட் என்று சின்ன வயதில் விடுகதை மாதிரி எங்களைக் கேட்பார். நவம்பர் 2 அன்று செஞ்சி சாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். எண்பதில் போகச் சொன்னார். சத்தம் வந்தது. "நியூட்ரல்ல விடு பாப்பா" என்றார். இன்ஜின் வேகம் தணிந்தது, முனகல் தணியவில்லை. அப்படியானால் இன்ஜினில் இல்லை, சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றில் இருக்கிறது. அப்புறம் ஒரு சின்னப் பாலம் வந்தது, தார் மாறி கான்கிரீட். டயர் சத்தமாக இருந்தால் ரோடு மாறும்போது அதுவும் மாறும். இது மாறவில்லை. உங்கள் 12,800 ரூபாய் அந்தப் பாலத்தின் மேல்தான் போயிற்று.

முன்னாலும் பின்னாலும் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து, ஸ்டியரிங்கை இடப்பக்கம் லேசாக அசைக்கச் சொன்னார். சத்தம் ஏறியது. வலப்பக்கம் அசைத்தால் ஏறக்குறைய அடங்கிவிட்டது. இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது பக்கச் சக்கரங்களில் சாயும். பாரம் ஏறும்போது கத்துகிறது என்றால் வலது பக்கத்து பேரிங். "முன்னாடியா பின்னாடியான்னு ஜாக்கியில தூக்கித்தான் பாக்கணும்" என்றார். இத்தனைக்கும் ஆனது பத்து நிமிடம். ஒரு கருவியும் இல்லை. நாலு கிலோமீட்டருக்கு ஆன பெட்ரோல் மட்டும்.

திண்டிவனத்தில் அப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஷெட்டில் வண்டியைத் தூக்கி, வலது முன் சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் இன்னொரு கையை வைத்தார்கள். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். மணலை அரைப்பது போல ஓர் அதிர்வு விரலில் ஏறியது. இடது பக்கம் சுழற்றினால் ஒன்றுமே தெரியவில்லை. மெக்கானிக் காசு வாங்கவில்லை. வாரண்டி இருக்கும்போது நான் கை வைத்தால் உங்களுக்குத்தான் பிரச்சினை என்று திருப்பி அனுப்பினார். அவருக்கு இருந்த அந்த யோசனை உங்கள் பக்கம் யாருக்காவது இருந்திருக்கலாம்.

நவம்பர் 6 அன்று நான்காவது தடவையாக உங்களிடம் வந்து, வலது முன் பேரிங் என்று நானே எழுதிக் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தார்கள், ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் போன்: பேரிங்கில் தண்ணீர் போயிருக்கிறது, வெள்ளச் சேதம், வாரண்டியில் வராது. 6,150 ரூபாய் கட்டி மாற்றிக்கொண்டேன். பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தண்ணீர் போனது பொய் என்று நான் சொல்லவில்லை. பிரஸ் என்கிற அழுத்தும் இயந்திரத்தில் வைத்துக் கழற்றியதில் பேரிங் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, உள்வளையத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறது. காப்பித் தூள் நிறத்தில் துரு. குண்டுகள் ஓடும் தடத்தில் கடுகு அளவுக்குப் பள்ளங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் இருந்தாலும் நாள் கணக்கில் முங்கி நின்றால் ஈரம் கசியும், கிரீஸ் கெடும், துரு பிடிக்கும், சத்தம் வர மாதக்கணக்கு ஆகும் என்று அந்த மெக்கானிக்கே விளக்கினார். நம்புகிறேன்.

இப்போது அந்த டிக் போட்ட தாளுக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் நீங்கள் 2,400 ரூபாய்க்குக் கொடுத்த தாளில் 27வது வரி: 'வீல் பேரிங் நான்கும் – சரி.' தண்ணீர் வடிந்த கையோடு பார்த்தால் பேரிங் சத்தம் போட்டிருக்காது, அது நியாயம்தான். ஆனால் சக்கரத்தின் நடு வரை முங்கிய வண்டி என்று உங்கள் ஆளே அதே தாளின் தலையில் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட வண்டியில் 'சரி' என்று எதை வைத்து எழுதினார்? 'ஆறு மாதத்துக்குள் சத்தம் வந்தால் முதலில் பேரிங்கைப் பாருங்கள்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் டயரும் வாங்கியிருக்க மாட்டேன், பிரேக்கும் கழற்றியிருக்க மாட்டேன். அந்த டிக் உண்மையென்றால் வெள்ளத்தில் பேரிங் கெடவில்லை, வாரண்டி கொடுங்கள். வெள்ளத்தில் கெட்டது உண்மையென்றால் பார்க்காத வேலைக்கு 2,400 வாங்கியிருக்கிறீர்கள், அதைத் திருப்பிக் கொடுங்கள், அதை நம்பி நான் செய்த செலவையும் கொடுங்கள். இரண்டில் எது என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் மேலாளரிடம் மூன்று மின்னஞ்சலில் இதே கேள்வியைக் கேட்டேன். மூன்றுக்கும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

பணம் ஒரு பக்கம். ஜூனிலிருந்து நவம்பர் வரை பின் சீட்டில் ஏழு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு அந்தச் சக்கரத்தோடு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறேன். பேரிங் இன்னும் தேய்ந்தால் சக்கரம் ஆட்டம் கொடுக்கும், சூடேறும், கடைசியில் இறுகிப்போகலாம், சக்கரமே நிலையில் நிற்காமல் போகலாம். 'நார்மல்' என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததால்தான் தைரியமாக ஓட்டினேன். தீபாவளி நெரிசலில் நான் மெதுவாகப் போனது ஒன்றுதான் அன்றைய பாதுகாப்பு.

நான் கேட்பது இவ்வளவு: பேரிங் செலவு 6,150, தேவையில்லாத பிரேக் வேலை 1,900, அலைன்மென்ட் 1,650, வெள்ளப் பரிசோதனை 2,400. டயர் என்னிடம்தான் இருக்கிறது, ஓடிக்கொண்டும் இருக்கிறது. அதனால் முழுத்தொகை கேட்கவில்லை, பாதி 6,400 போதும். கூட்டினால் 18,500 ரூபாய். மன உளைச்சலுக்கு இத்தனை லட்சம் என்று எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. அதற்குப் பதிலாக எழுத்தில் ஓர் உறுதி வேண்டும்: ஓடும்போது சத்தம் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால், அவர் சொல்லும் வேகத்தில், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளி ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் 'நார்மல்' என்று எழுத மாட்டோம் என்று உங்கள் சர்வீஸ் சென்டர் சொல்ல வேண்டும். கேட்டுக்கு வெளியே போக இன்சூரன்ஸ் சிக்கல் என்றால் அது நீங்கள் தீர்க்க வேண்டிய சிக்கல்.

30 நாள் காத்திருப்பேன். அதன்பின் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணமும் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள், கூட்டிக் கழித்துக் காட்டும் பொறுமை இருக்கிறது.

நான்கு ஜாப் கார்டு, ஐந்து பில், அந்த டிக் தாள் எல்லாவற்றின் நகலும் இணைத்திருக்கிறேன். செப்டம்பரில் மதுராந்தகம் தாண்டி எடுத்த ஒரு நிமிட ஒலிப்பதிவும் இருக்கிறது, ஹெட்போன் போட்டுக் கேட்கவும். பழைய பேரிங் பிளாஸ்டிக் பையில் கட்டி என் மேசை டிராயரில் இருக்கிறது. அதை மட்டும் தபாலில் அனுப்ப மாட்டேன். பார்க்க வேண்டுமானால் உங்கள் இன்ஜினியர் வீட்டுக்கு வரட்டும். சனிக்கிழமை என்றால் அப்பாவும் இங்கே இருப்பார்.

பதில் போனில் வேண்டாம். எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாடிக்கையாளர்