மூணாம் நாளைப் போனில் முடிக்காதே

கோத்தகிரி,
ஜூன் 2021

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை, லயன்களில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்) காய்ச்சலும் ஓயவில்லை. கொடைக்கானல் மேல்மலைக்கு மாற்றல் என்று எழுதியிருந்தாயே, மன்னவனூர்க் குளிர் பழகிவிட்டதா?

கொரோனா பயத்தில் பிள்ளை பெற்ற வீட்டில் நர்ஸ்களான நம்மை உள்ளே விடத் தயங்குகிறார்கள், போனிலேயே விசாரித்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். பிள்ளை பிறந்ததிலிருந்து 3, 7, 14, 21, 28, 42 என்று நாம் பார்க்கிற ஆறு நாட்களில் முதல் இரண்டுக்கும் நேரில் போயே ஆக வேண்டும். பிள்ளைக்கு எடை இறங்குவது, மஞ்சள் ஏறுவது, தாய்க்குப் பிரஷர் எகிறுவது எல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு வாரத்தில்தான். கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவளுக்கும் பிரசவத்துக்குப் பிறகு வரும். "தூக்கமில்லை, அதான் தலைவலி" என்பாள். கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினால்தானே தெரியும்? 140/90 தொட்டாலே டாக்டரிடம் சொல், 160/110 என்றால் 108-தான்.

தாய், பிள்ளை பற்றிய விவரம் முழுக்க முன்னாடியே போனில் கேட்டுக்கொள். ஜன்னலைத் திறக்கச் சொல், தாயும் பிள்ளையும் தவிர ஒருவர் போதும். உள்ளே தொட்டுப் பார்க்கிற வேலையை மட்டும் முடித்தால் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம்.

மஞ்சளை வீடியோவில் பார்க்காதே. குண்டு பல்பு வெளிச்சத்தில் எந்தப் பிள்ளையும் மஞ்சளாகத்தான் தெரியும். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் தோலை விரலால் அழுத்தி எடுத்துப் பார். உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நெற்றிக்கு நீட்டுகிற துப்பாக்கித் தெர்மாமீட்டர் நம் மலைக்கு லாயக்கில்லை. குளிரில் கிடந்த கருவியும் சில்லிட்ட நெற்றியும் சேர்ந்தால் தப்பாகத்தான் காட்டும். அக்குளில் வைத்துப் பார், 36.5 முதல் 37.5 டிகிரி வரை சரி. அதற்குக் கீழே என்றால் ஈரத்துணியை மாற்றி, தொப்பி, சாக்ஸ் போட்டு, தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்து மேலே கம்பளி. ஒரு மணி நேரத்தில் சூடு ஏறவில்லை, அல்லது பால் குடிக்கவில்லை என்றால் தொற்றாக இருக்கலாம், அனுப்பிவிடு. அறையை மூடிக் கரிக் கணப்பு போட மட்டும் அனுமதிக்காதே. அந்தப் புகை ஆளையே கொல்லும்.

தராசைப் பலகைமேல் வை, துணியோடு பூஜ்யம் செய். முதல் வாரத்தில் பத்து சதவீதம் வரை இறங்கலாம்: 3 கிலோ பிள்ளை 2.7. இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பணும். திரும்புகிற பிள்ளைக்கு 21, 28-ஐப் போனில் வைத்துக்கொள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். நேற்றிலிருந்து எத்தனை தடவை மூத்திரம் போச்சு என்று கேள். ஆறுக்குக் குறையக் கூடாது. மூச்சை, வீடியோவில் சட்டையைத் தூக்கச் சொல்லி முழு நிமிடம் எண்ணு. பச்சைப்பிள்ளை மூச்சு விட்டு விட்டு வரும், கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பும். 60 தொட்டால் மறுபடி எண்ணு. அப்போதும் 60 என்றால் காத்திருக்காதே.

தாய்க்கு பாசிட்டிவ் என்றாலும் தாய்ப்பாலை நிறுத்தாதே. அவளுக்கு மாஸ்க், சோப்புக் கை. பிள்ளைக்கு மாஸ்க் ஆகவே ஆகாது.

42-ஆம் நாள் தடுப்பூசி இருப்பதால் எப்படியும் நேரில்தான். உன் பக்கம் சிக்னல் எந்த ஊரோடு நின்றுபோகிறது? அதற்கு அப்பால் இருக்கிற வீடுகளுக்கு எல்லா நாளும் நடைதான், இப்போதே பிரித்து எழுதிவை.

அன்புடன்,
ராணி