நாள் முழுக்க ரூட்டாக இருக்காதே

அன்பு நண்பா,

மகள் கல்லூரியில் சேர்ந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் போகிற போக்கில் நீ எழுதிய ஒரு வரி மூன்று நாளாக உறுத்துகிறது. லினக்ஸ் சும்மா சும்மா பாஸ்வேர்டு கேட்பதால் காலையிலேயே ரூட்டாக மாறி, மாலைவரை அப்படியே வேலை பார்க்கிறாயாமே!

வேண்டாம்ப்பா. ரூட் என்றால் எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிப் பயனர், பயனர் எண் 0. வழக்கமான கோப்பு அனுமதிகள் எதுவும் அந்த எண்ணைத் தடுக்காது. அழிக்கும் கட்டளையில் பாதையின் நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்தால், அந்தத் தவறான கட்டளையும் அதே அதிகாரத்தோடு ஓடும். தேவையான கட்டளைக்கு முன்னால் மட்டும் சூடோ போடு, அது மட்டும் ரூட்டாக ஓடும். யார், எப்போது, எதை ஓட்டினார் என்பதும் லாகில் பதிவாகும். பாஸ்வேர்டு கொடுத்ததைக் கொஞ்ச நேரம் சூடோ நினைவில் வைத்துக்கொள்ளும், உபுண்டு லினக்ஸில் 15 நிமிடம். இடத்தைவிட்டு எழுந்தால் அந்த நினைவை அழிக்க 'சூடோ -கே' அடித்துவிட்டுப் போ.

எனக்கு நேர்ந்ததைக் கேள். புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள் டாக்கர். அதைப் பயன்படுத்தும் டாக்கர் குழுவில் என்னைச் சேர்க்க, பயனர் கணக்கை மாற்றும் 'யூசர்மாட் -ஜி' கட்டளையில் பெரிய ஜி மட்டும் போட்டேன். முன்னால் சின்ன ஏ விட்டுப்போனது. ஏ இல்லாவிட்டால் சேர்ப்பதில்லை, முதன்மைக் குழு தவிர இருக்கிற மற்ற குழுக்களை எல்லாம் நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் வைக்கும். மறுநாள் லாகின் செய்தால் சூடோ போட அனுமதி தரும் சூடோ குழுவில் நான் இல்லை! சர்வரைப் பழுதுபார்க்கும் ரெக்கவரி மோடில் துவக்கித்தான் மீள முடிந்தது. அன்றிலிருந்து அனுமதிகளை மாற்றும்போது ரூட் டெர்மினல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். புது லாகினில் சோதித்த பிறகே மூடுவேன். அந்த டாக்கர் குழுவும் லேசுப்பட்டதல்ல. அதில் இருப்பவர் கன்டெய்னர் வழியாக, அது ஓடும் கணினியின் மொத்த டிஸ்க்கையும் உள்ளே இணைத்து மாற்றலாம், அதாவது ரூட்தான்.

உன் உதவியாளருக்கு ஒரே ஒரு கோப்பைத் திருத்த சூடோவில் விஐ எடிட்டரைக் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். விஐக்குள்ளிருந்தே கட்டளை அடிக்கும் ஷெல்லைத் திறக்கலாம், அதுவும் ரூட் ஷெல். அந்தக் கோப்புக்கு மட்டும் சூடோஎடிட் அனுமதி கொடு. எடிட்டர் அவர் பெயரிலேயே ஓடும், நகலைத் திருத்திய பின் கோப்பு மாற்றப்படும். யாருக்கு என்ன சூடோ அனுமதி என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பை விசூடோ கட்டளை வழியாகத் தவிர வேறெதிலும் தொடாதே. பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே சொல்லிவிடும்.

அப்டேட்டையும் தள்ளிப்போடாதே. 2021 ஜனவரியில் சூடோவிலேயே ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது, 2011 முதல் இருந்தது. சூடோ அனுமதியே இல்லாத உள்ளூர்ப் பயனரும் அதன் வழியே ரூட்டாகலாம்.

டாக்கர் குழுவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்