அளந்து பார்க்காமல் விற்ற பற்றரி: பணத்தைத் திருப்பிக் கேட்டல்

பாண்டிருப்பு, கல்முனை
18.02.2025

கிளை முகாமையாளர் அவர்களுக்கு,
மட்டக்களப்பு

ஐயா,

ஜனவரி 24ஆம் திகதி என் காரை உங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தேன். ஓடும்போது டேஷ்போர்டில் சிவப்பு பற்றரி லைற் விட்டுவிட்டு எரிந்தது. அதை மட்டும்தான் சொன்னேன். உங்கள் ஊழியர் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பற்றரி முடிஞ்சுது, புதுசு போடுவம்" என்றார். பதினான்கு மாதம்தானே ஆகிறது என்றேன். "நம்மட வெக்கைக்கு அவ்வளவுதான் நிக்கும்" என்றார். நம்பினேன். பழையதுக்கு 5,000 ரூபாய் கழித்து 32,500 ரூபாய் கட்டினேன். அதே பில்லில் 'சார்ஜிங் செக்' என்று தனியாக 1,500 ரூபாய் போட்டிருந்தீர்கள், அதையும் கட்டினேன். வீடு வரும்வரை லைற் எரியவில்லை. சரி, தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பெப்ரவரி 15, சனிக்கிழமை இரவு. மட்டக்களப்பில் அம்மாவுக்குக் கண் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. காத்தான்குடியில் பேரீச்சை மரங்களைத் தாண்டும்போதே அந்தச் சிவப்பு லைற் மறுபடி வந்தது. புதுப் பற்றரி என்ற தைரியத்தில் ஓட்டினேன். களுவாஞ்சிக்குடி கடந்ததும் ஏபிஎஸ் லைற், பிறகு ஸ்டியரிங் லைற். ஸ்டியரிங் கல்லாக இறுகியது. வைப்பர் பாதியில் நின்று நின்று போனது. ஹெட்லைற் மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மங்கி, ஓந்தாச்சிமடம் பாலத்தை நெருங்கும்போது எஞ்சினே நின்றுவிட்டது. சிக்னல் லைற்கூட எரியவில்லை. பின்னால் வருகிற லொறிக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. அம்மாவுக்கு 71 வயது, ஒரு கண்ணில் கட்டு. அவரை இறக்கி ஓரமாக நிறுத்திவிட்டு, போன் வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டு மழையில் நின்றேன். ஓர் ஓட்டோக்காரத் தம்பி நிறுத்தாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மறுநாள் களுவாஞ்சிக்குடியில் ஒரு மெக்கானிக்கிடம் காரை இழுத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் எடுத்தது மீற்றரைத்தான். பற்றரியை சார்ஜ் ஏற்றி, ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, முனைகளில் வைத்துப் பார்த்தார்: 11.9 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பற்றரிக்கு சார்ஜ் ஏற்றும் அல்டர்னேட்டரின் பின்பக்க முனையிலும் அதே 11.9, ஆகவே இடையிலுள்ள வயரில் குறையில்லை. அதைச் சுற்றும் பெல்ட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றிப் பார்த்து, உள்ளேயிருந்த கார்பன் பிரஷ் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். தேய்ந்து தேய்ந்து கடலைப் பருப்பளவுதான் மிச்சம். அது உள்ளே சுற்றும் வளையத்தில் பட்டால் சார்ஜ் வரும், படாவிட்டால் வராது. லைற் விட்டுவிட்டு எரிந்ததும் அதனால்தான். "பற்றரி லைற் எரிஞ்சா பற்றரி பழுதெண்டு இல்ல அண்ணன், சார்ஜ் வரல்ல எண்டதுதான்" என்றார். பிரஷ் மாற்றக் கூலியோடு 4,500 ரூபாய். இப்போது ஹெட்லைற், ஏசி, வைப்பர் எல்லாம் போட்டாலும் 14.2 நிற்கிறது.

வீட்டுக்கு வந்து, செய்த வேலைகளைக் குறித்து நீங்கள் தந்த ஜொப் கார்டைத் தேடி எடுத்தேன். சார்ஜிங் வோல்ட் எழுதும் கட்டத்தில் ஒரு எண்ணும் இல்லை. பேனையால் ஒரு சரி அடையாளம் மட்டும். இரண்டு நிமிட வேலை, ஐயா. செய்யாமலே செய்ததாக அடையாளம் போட்டு அதற்கும் காசு வாங்கியிருக்கிறீர்கள். பணம் போனதை விட இதுதான் எனக்கு ஆறவில்லை. என் பழைய பற்றரி நல்லதா, பழுதா என்றுகூட யாரும் சோதிக்கவில்லை. புதியதோ மூன்று கிழமை கழிந்ததுமே அடியோடு இறங்கிவிட்டது. ஒருமுறை அப்படி வற்றினாலே கார் பற்றரியின் ஆயுள் குறையும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

எனவே நீங்கள் விற்ற பற்றரியை எடுத்துக்கொண்டு 32,500 ரூபாயையும், செய்யாத சோதனைக்கான 1,500 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். காரை இழுத்த கூலி 6,000 ரூபாயும் உங்கள் பொறுப்பே. பிரஷ் எப்படியும் தேயும் பொருள், அந்தச் செலவை நான் கேட்கவில்லை. கூடவே, பற்றரி லைற்றோடு வரும் எந்த வாகனத்துக்கும் மீற்றர் வைத்து, வந்த எண்ணைக் கார்டில் எழுதி, வாடிக்கையாளருக்குக் காட்டிய பிறகே பற்றரி விற்பீர்கள் என்று எழுத்தில் தாருங்கள்.

பில், ஜொப் கார்டு, மெக்கானிக்கின் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். தேய்ந்த பிரஷ் என்னிடம் இருக்கிறது. நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்