தலை கிறுகிறுக்கிறது என்றாயே

கல்லிடைக்குறிச்சி
ஆனி 20

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, இதைப் படம் எடுத்து அனுப்பத் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே நாலு நாளாகச் சாரல். மாடியில் காயப்போட்ட வடகம் எல்லாம் நமுத்துப் போச்சு. அது கிடக்கட்டும்.

நேற்று பேச்சோடு பேச்சாக, "பிரஷர் மாத்திரை போட்டா தலை கிறுகிறுங்குதும்மா, மூணு நாளா போடல" என்றாய். அப்பா காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இதே கூத்தை நான் போன சித்திரையில் அடித்தேன், உங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை விரதம். ஒரு வாய் காப்பியில் மாத்திரையைப் போட்டுவிட்டு ஆற்றுக்குப் போனேன். படித்துறையில் குனிந்தபடியே அரைமணி நேரம் துவைத்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. காதுக்குள் வண்டு இரைகிற மாதிரி சத்தம். சோப்பு டப்பா தண்ணியில் மிதந்து போவது தெரிகிறது, எட்டிப் பிடிக்கக் கை வரவில்லை. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த மேலத்தெரு அக்கா தோளைப் பிடித்துப் படியில் உட்காரவைத்தாள். இல்லையென்றால் டப்பாவோடு நானும் சேரன்மாதேவி போய்ச் சேர்ந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் நானே டாக்டர் ஆகிவிட்டேன். மாத்திரையை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் தள்ளியாச்சு. ஒரு வாரம் கிறுகிறுப்பே இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமை வேறு. அரசாங்கத்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருகிற பொண்ணு கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் 184க்கு 102. "ஆச்சி, தலைவலிகூட இல்லையா?" என்கிறாள். ஒன்றுமே இல்லை. இந்தப் பாழாய்ப்போன பிரஷரின் குணமே அதுதான். ஏறினால் மூச்சு விடாது, இறங்கினால் ஊரைக் கூட்டும்.

அம்பாசமுத்திரத்து டாக்டர் முதலில் கேட்டது, "வீடு சுத்துதா, கண் இருட்டுதா?" என்று. புரண்டு படுக்கும்போது கூரை சுழன்றால் பெரும்பாலும் காது சமாச்சாரமாம். எழுந்ததும் கண் இருட்டினால், நிற்கிறபோது பிரஷர் இறங்குகிறதாம். மறுபடி மாத்திரையைப் போடச் சொல்லி, பத்து நாள் கழித்து வரவழைத்து, படுக்கவைத்துப் பார்த்தார். மேல் எண் 146. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிஷத்தில் பார்த்தார். 118. இருபதோ அதற்கு மேலோ இறங்கினால் கவனிக்க வேண்டுமாம். எனக்கு அம்லோடிபின் 5 என்கிற பிரஷர் மாத்திரை தவிர, உப்பையும் தண்ணியையும் மூத்திரமாக வெளியேற்றுகிற நீர் மாத்திரையும் இருந்தது. அதோடு வெயில், பட்டினி, தண்ணீர் குடிக்காத என் வழக்கம். நீர் மாத்திரையை மட்டும் எடுத்துவிட்டார். அதை அவர் செய்யலாம், நான் செய்யக் கூடாது. எனக்கு இது புரிய ஒரு சோப்பு டப்பா போனது.

இனி உன் கதை. மதியம் 12.30லிருந்து 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று துபாயில் சட்டம் இருக்கிறது, சரி. மிச்ச நேரம் அங்கே என்ன குற்றாலமா? முதலில் அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படி. பெயர் 'லால்' என்று முடிந்தால், அதாவது அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி, அதைச் சட்டென்று நிறுத்தவே கூடாதாம். படபடப்பு வரும், நெஞ்சுவலிகூட வரலாமாம். எதுவானாலும் நாளைக்கே டாக்டரைப் பார், மூணு நாள் விட்டதையும் மறைக்காமல் சொல். விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரண்டாகப் போட்டுக்கொள்ளாதே.

அப்புறம், ரூமில் மேல் கட்டிலில் படுக்கிறாயே, அந்த மலையாளத்துத் தம்பியிடம் சொல்லிக் கீழ்க் கட்டிலை வாங்கிக்கொள். அலாரம் அடித்ததும் குதிக்காதே. காலைத் தொங்கப்போட்டு உட்கார், பாதத்தை நாலு ஆட்டு ஆட்டு, அதற்கப்புறம் நில். கிறுகிறுத்தால் கௌரவம் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிடு. இது சரியாகும்வரை சாரத்தில் ஏறாதே, மேஸ்திரி என்ன சொன்னாலும். பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் மரத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ எனக்குப் போன் பண்ணிக்கொண்டு நிற்காதே, நேரே ஆஸ்பத்திரி.

கீழவீட்டுப் பையன் வருகிறான், அப்பளம் ஒரு கட்டு தருகிறேன். மோர்மிளகாய் கேட்டாய், தரமாட்டேன். அது முழுக்க உப்பு.

நாளைக்கு ராத்திரி கூப்பிடும்போது படுத்துப் பார்த்த கணக்கு, நின்று பார்த்த கணக்கு, மாத்திரையின் பெயர் மூன்றும் வேண்டும். அப்பாவிடம் இன்றைக்குச் சொல்லிவிடுவேன். காலண்டர் தாளும் பேனாவுமாக அவர்தான் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

அன்புடன்,
அம்மா