கடுகின் மணல் தொட்டி

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளத்தூரிலிருந்து ஆத்தா எழுதுவது. நானும் அப்பச்சியும் நலம். போனில் பேச ஆரம்பித்தால் நீ "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்று பாதியிலேயே முடித்துவிடுகிறாய். உன் பெண்டாட்டி பேசினாலோ இரண்டாவது வார்த்தையிலேயே குரல் உடைந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படி. படித்துவிட்டு அவளிடமும் கொடு. அவளுக்குத் தெரியாமல் உனக்கு மட்டும் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

உன் பூனை கடுகு கட்டிலில் மூத்திரம் போகிறது, துவைக்கப் போட்ட துணிமேல் போகிறது, போன வாரம் அவளுடைய கண்டாங்கிச் சேலையிலேயே போய்விட்டது. "வாயில்லா ஜீவன், அதற்கு என்ன தெரியும், நீதான் அனுசரித்துப் போகணும்" என்கிறாய் நீ. "ஒன்று அது இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன்" என்கிறாள் அவள். இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் நியாயம் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பூனையை டாக்டரிடம் காட்ட வேண்டும். இத்தனை சண்டை நடந்தும் அது இன்னும் நடக்கவில்லை.

உன் சின்னத்தா மகள் கால்நடை மருத்துவம் படித்தவள் இல்லையா, அவளைக் கூப்பிட்டு விவரமாகக் கேட்டேன். ஒழுங்காகத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று மெத்தையையும் துணியையும் தேடினால் முதலில் உடம்பைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம். மூத்திரப்பையில் புண் இருக்கலாம், கல் இருக்கலாம். போகும்போது வலிக்கும். அந்தத் தொட்டியில் உட்கார்ந்தால்தான் வலிக்கிறது என்று அது நினைத்துக்கொண்டு, மெத்தென்று வேறு இடம் தேடிப் போகும். அதிலும் கடுகு கடுவன், ஆண் பூனை. கடுவனுக்கு மூத்திரக் குழாய் ரொம்ப ஒடுக்கம், சட்டென்று அடைத்துக்கொள்ளும். அடிக்கடி போய் உட்கார்ந்து, முக்கி, சொட்டுகூட வராமல் கத்தினால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. முழுக்க அடைத்துவிட்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓடு.

வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903-ல் தொடங்கிய கல்லூரி. அதன் ஆஸ்பத்திரியிலேயே காட்டலாம். அப்படியே கருத்தடையும் செய்ய முடியுமா என்று கேட்டுக்கொண்டு வா. ஒரு வயது தாண்டியும் செய்யாமல் வைத்திருக்கிறாய். உட்கார்ந்து ஒரே இடத்தில் நிறையப் போவது வேறு. நின்றபடி வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டு சுவரிலும் கதவிலும் கொஞ்சமாக அடிப்பது வேறு. இரண்டாவது, இது என் இடம் என்று சொல்வதற்கு. கருத்தடை செய்தால் பத்தில் ஒன்பது கடுவனுக்கு அந்தப் பழக்கம் நின்றுவிடும், இல்லையென்றால் நன்றாகக் குறைந்துவிடும் என்றாள். கடுகு எப்படிப் போகிறது என்று நீங்கள் இரண்டு பேரும் சரியாகப் பார்த்தீர்களா? டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

நம் வீட்டுக்குப் பூனை புதிதில்லை. இரண்டாம் கட்டில் நெல் மூட்டை அடுக்கியிருந்த காலத்தில் எலிக்காகவே வளர்த்தார்கள். அதற்கென்று தொட்டியெல்லாம் யாரும் வைத்ததில்லை. கொல்லை முழுக்க மண். வேண்டிய இடத்தில் தோண்டும், போகும், மூடும், வந்துவிடும். ஏழாவது மாடியில் உன் கடுகுக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதையும் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாய். அது உள்ளே உட்கார்ந்திருக்கும்போது மெஷின் சுற்ற ஆரம்பித்தால் அப்புறம் எப்படி அந்தப் பக்கம் போகும்? ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி வை. தொட்டி பெரிதாக இருக்கட்டும், உள்ளே திரும்பிப் படுக்கிற அளவுக்கு. சத்தமில்லாத இடமாக, சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தள்ளி வை. வாசனை போட்ட மணல் வேண்டாம், அந்த வாசனை நமக்காகப் போட்டது. தினமும் அள்ள வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மணலை மாற்றித் தொட்டியைக் கழுவ வேண்டும்.

யார் அள்ளுவது? இங்கேதான் உன் ஐயாவை, என் மாமனாரைச் சொல்ல வேண்டும்.

பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பார்க்க, போய் வந்தவர். தான் சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைத்து நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு சாம்பல் நிறப் பூனை. வயதாகிப் போய், மழைக்காலத்தில் கொல்லைக்கு இறங்க முடியாமல், வளவில் சுருட்டி வைத்த ஜமுக்காளத்தில் போய்விடும். அப்பத்தாவுக்குப் பூனை என்றாலே ஆகாது. முற்றத்தில் வற்றல் காயும், பத்தியில் அப்பளம் காயும், பக்கத்திலேயே சாமி வீடு. அந்த வீச்சம் எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பார். ரொம்ப நாள் அவர்களுக்குள் பேச்சே இல்லை. "யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்" என்று அப்பத்தா, "கொடுக்க மாட்டேன்" என்று ஐயா. நான் கல்யாணமாகி வந்த புதிது, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் அடுப்படியிலேயே கிடப்பேன்.

ஒருநாள் காலையில் பார்த்தால் ஐயா ஓர் இரும்புச் சட்டியில் அடுப்புச் சாம்பலைச் சலித்துப் போட்டு, அதன்மேல் மணலைக் கொட்டிக்கொண்டிருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், கையெல்லாம் சாம்பல். அந்தச் சட்டியை இரண்டாம் கட்டில் தூண் மறைவில் கொண்டுபோய் வைத்தார். அன்றையிலிருந்து குளிக்கப் போகும் முன் சட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப் போய்க் குழி தோண்டிக் கொட்டி, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு வருவார். வேலையாட்கள் இருந்தார்கள். ஒருவரையும் தொட விடவில்லை. ஜமுக்காளத்தை அவரே கிணற்றடியில் போட்டு அலசினார். அதற்குப் பிறகு அந்தச் சண்டையை நான் இந்த வீட்டில் கேட்கவில்லை. அப்பத்தாவுக்குக் கடைசிவரை பூனையைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று ஐயா கேட்கவும் இல்லை.

உன்னிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். கடுகு உன் பூனை. கல்யாணத்துக்கு முன்பே நீ கொண்டுவந்து வளர்த்தது. காலையில் நீ ஆபீஸ் போய்விடுகிறாய், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள் அவள். நாள் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பதும் அவள், மீட்டிங்குக்கு நடுவில் எழுந்து போய்த் தரையைத் துடைப்பதும் அவள். சாயங்காலம் வந்து பூனையை மடியில் வைத்துக்கொண்டு "அனுசரித்துப் போ" என்று சொல்ல உனக்கு வாய் வரக் கூடாது தம்பி. தொட்டி அள்ளுவது, துணி அலசுவது, டாக்டரிடம் தூக்கிப் போவது எல்லாம் உன் வேலை. ஆபீஸ் போகும் முன் ஒருமுறை, வந்த பிறகு ஒருமுறை. நீ வீட்டில் இல்லாத நேரத்தில் ஏதாவது நடந்தால் அவள் அதன்மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடிவிடட்டும், வந்து நீ துடை.

இன்னொரு காரணமும் உண்டு. நாளைக்கு அவள் உண்டாகியிருக்கும்போது பூனைத் தொட்டியில் கை வைக்கவே கூடாது. பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு கிருமி இருக்கலாம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அதற்காகப் பூனையை விரட்ட வேண்டியதில்லை. அந்தக் கிருமி வெளியே வந்து குறைந்தது ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும் என்பதால், வேறொருவர் தினமும் அள்ளிக் கொட்டினால் போதும். பச்சைக் கறி போடாதே, வெளியே விடாதே. அந்த வேறொருவர் நீதான் என்பதால் இப்போதே பழகிக்கொள்.

அம்மா, இந்தப் பத்தி உனக்கு. அயித்தை மகன் பக்கம்தான் பேசுவாள் என்று நினைத்திருப்பாய். அந்தச் சேலை உன் ஆத்தா காரைக்குடியில் தறிக்காரரிடம் சொல்லி நெய்து வாங்கியது, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கட்டம். கல்யாணத்துக்கு முந்தின நாள் அதை நீ மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதன்மேல் போனால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது. ஆனால் "என்னைப் பிடிக்காமல் வேண்டுமென்றே செய்கிறது" என்று சொன்னாயே, அது மட்டும் இல்லை அம்மா. பூனைக்கு அப்படிப் பழிவாங்கத் தெரியாது. நேற்றுவரை அது படுத்திருந்த அறைக்கதவு இப்போது ராத்திரியில் சாத்தியிருக்கிறது. வீட்டில் புது மணம், புது அலமாரி, புது ஆள். பயந்த பூனை, புது மணம் இருக்கிற இடத்தில் தன் மணத்தையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் நிம்மதியாகும். புது வீட்டுக்கு வந்து எந்தக் கதவு யாருடையது என்று தெரியாமல் நின்றது நீ மட்டும் இல்லை. நானும் அப்படி நின்றவள், இப்போது அதுவும் நிற்கிறது. அதை அடிக்காதே, மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்காதே. நடந்து முடிந்ததற்கு அப்புறம் அடித்தால் அதற்குக் காரணம் புரியாது, உன்னைக் கண்டாலே பயம் மட்டும் கூடும், பயம் கூடினால் இன்னும் போகும். கோபத்தை என் மகனிடம் காட்டு. அதைச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, நானும் கூட நிற்கிறேன்.

சேலையை வெந்நீரில் போடவேண்டாம், நாற்றம் போகும் வரை இஸ்திரியும் போடவேண்டாம். சூடு பட்டால் அந்த வீச்சம் நூலிலேயே தங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, மறுபடி அலசி நிழலில் உலர்த்து. சாயம் விடுகிறதா என்று முதலில் ஓர் ஓரத்தை நனைத்துப் பார்த்துக்கொள்.

தம்பி, இனி தரை. ஹாலில் நாம் போட்டுக் கொடுத்தது ஆத்தங்குடி கல். நீ சின்னப் பிள்ளையில் ஆத்தங்குடியில் செய்வதைப் பார்த்திருக்கிறாய். கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, வண்ணத்தை ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊற வைத்து எடுப்பார்கள். சூளையில் சுடுவதே இல்லை. அதனால் ஈரத்தை உறிஞ்சும், புளிப்பு பட்டால் அரித்துவிடும். வினிகர் ஊற்றித் துடைத்ததாகச் சொன்னாய். வேண்டாம். எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் எதுவும் வேண்டாம், பூ மங்கிப் போகும். பினாயிலும் வேண்டாம். அது பூனை காலில் ஒட்டும், காலை நக்கும், அதன் ஈரல் தாங்காது. பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின்மேல் போட்டால் கிளம்பும் புகை உங்கள் நெஞ்சுக்கே கெடுதல்.

வெறும் தண்ணீரில் துடைத்தால் ஏன் போகவில்லை என்று கேட்டாய். பூனை மூத்திரத்தில் இருக்கிற யூரிக் அமிலம் காய்ந்து உப்பு மாதிரி படிந்துவிடும், தண்ணீரில் கரையாது. சென்னைப் புழுக்கத்தில் ஈரம் பட்டதும் மறுபடி வீசும். அந்த வீச்சம் நமக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தாலும் கடுகுக்குத் தெரியும், அதே இடத்துக்குத்தான் திரும்ப வரும். செல்லப்பிராணி கடையில் என்சைம் கலந்த கிளீனர் கிடைக்கும். முதலில் துணியால் ஒற்றி எடு, தேய்க்காதே. அதை ஊற்றிப் பத்து பதினைந்து நிமிஷம் ஊற விட்டு அப்புறம் துடை. மெத்தைக்கும் அதுதான். கல் காய்ந்ததும் தண்ணீரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஒருமுறை துடை, பளபளப்பு திரும்பும்.

"பேசாமல் ஊரில் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன்" என்று கடைசியாகச் சொன்னாய். இவ்வளவு பெரிய வீடு சும்மாதானே கிடக்கிறது என்று உனக்குத் தோன்றும். மாடியில் பிறந்து வளர்ந்த பூனைக்குத் தெரு நாயைத் தெரியாது, இந்தத் தெருக் கடுவன்களைத் தெரியாது. திறந்த முற்றம், எந்த ஓட்டின்மேல் ஏறி எங்கே போகும் என்று நானும் அப்பச்சியும் இந்த வயதில் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், அதை இங்கே விட்டுவிட்டு நீ திரும்பிப் போனால் அவளால்தான் பூனை போனது என்று உன் மனசில் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கும். அவளுக்கும் அது தெரியும். டாக்டர் பார்த்து, தொட்டி மாற்றி, நீயே அள்ளி, பொறுமையாக இரண்டு மூன்று மாதம் பார்த்தும் சரியாகவில்லை என்றால், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, பூனை வளர்க்கத் தெரிந்த வீடாகத் தேடுங்கள். ஒருவர் அழுதுகொண்டிருக்க இன்னொருவர் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

நம் பக்கத்தில் கல்யாணமானதும் வேறு வைப்பது ஏன் என்று உனக்குத் தெரியும். ஒரே கூரைக்குள் இருந்தாலும் அடுப்பு தனி, கணக்கு தனி. புருஷன் பெண்டாட்டி தங்கள் குடித்தனத்தைத் தாங்களே முடிவு செய்து பழகட்டும் என்றுதான். அதனால் நான் இவ்வளவு எழுதினாலும் முடிவு உங்களுடையது. என்னை நடுவராக வைத்து இனிப் போன் செய்யாதீர்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் நீ கூப்பிட்டுச் சொல். மூத்திரம் பரிசோதனைக்கு எடுத்தார்களா, என்ன சாப்பாடு கொடுக்கச் சொன்னார்கள், கருத்தடைக்கு எந்தத் தேதி என்று எழுதி வைத்துக்கொண்டு பேசு. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்பார்கள். உலர்ந்த தீனியைக் குறைத்து, உப்பும் மஞ்சளும் போடாமல் வேகவைத்த மீனைத் தண்ணீரோடு சேர்த்து வைக்கலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்.

அன்புடன்,
ஆத்தா