பலகை சொன்ன உயரம்

ஹட்டன்

அன்பின் மச்சான்,

உன் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது அறிந்து சந்தோஷம். இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மற்றபடி சுகம்.

போன வாரம் மகளைப் பார்க்க பதுளைக்கு ரயிலில் போனேன். பட்டிப்பொல தாண்டியதும் பாதையோரம் ஒரு பலகை நிற்குமே, நம் ரயில் பாதையின் ஆக உயர்ந்த இடம் என்று? ஏறத்தாழ 1,900 மீட்டர். அந்த இடத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். பேரன் போட்டுத்தந்த ஆப் கிட்டத்தட்ட 100 மீட்டர் குறைத்துச் சொல்கிறது. குப்பை ஆப்பைப் போட்டுவிட்டான் என்று அவனைத் திட்டினேன், பாவம். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது, இரண்டும் சரி என்று.

போன் செய்மதிகளை வைத்துக் கணக்குப் பார்க்கிறது. பூமியை வழுவழுப்பான, சற்றே தட்டையான உருண்டையாக எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் நாம் எவ்வளவு உயரம் என்று சொல்கிறது. பலகையின் உயரம் அப்படி வந்ததல்ல. அந்தக் காலத்து சர்வேயர்கள் கடல் மட்டத்திலிருந்து மட்டம் பிடித்துப் பிடித்து மலையேறி எடுத்த கணக்கு அது. கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவுக்கு வந்தால்தான் அளவு எடுக்கலாம். குமிழியை நடுவில் நிறுத்துவது யார்? புவியீர்ப்பு. கடலும் அது சொல்கிறபடிதான் படுத்திருக்கிறது.

இதிலேதான் விஷயமே இருக்கிறது. நம் தீவுக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு சற்றுக் குறைவு. அதனால் அங்கே கடலின் மேற்பரப்பு அந்தக் கணக்கு உருண்டையைவிட சுமார் 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. கடலின் மேற்பரப்பில் உலகத்திலேயே ஆகப் பெரிய தாழ்வு அதுதான், ஆனால் வள்ளத்தில் போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கு மட்டம் என்பதே அதுதானே! அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நாம் குடியிருக்கிறோம். போனுக்கும் பலகைக்கும் உள்ள வித்தியாசம் அங்கிருந்து வருகிறது.

தூக்குக்குண்டு நேரே கீழே தொங்கும் என்று நமக்குப் படிப்பித்தார்களே, அதுவும் முழு உண்மையில்லை. 1774இல் மாஸ்கலைன் என்ற ஆங்கிலேய வானியலாளர் ஸ்கொட்லாந்தின் ஷிஹாலியன் மலையின் இரு பக்கமும் நின்று, மலை குண்டைத் தன் பக்கம் இழுக்கிறதைக் காட்டினார். (நம் மஸ்கெலியாவுக்கும் அவருக்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான்.) மயிரிழை அளவு சாய்வு. அதை வைத்தே பூமியின் அடர்த்தியைக் கணித்தார்கள், தண்ணீரைப் போல் 4.5 மடங்கு என்று. 1798இல் கவென்டிஷ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஈயக் குண்டுகளைக் கம்பியில் தொங்கவிட்டு 5.48 என்றார். இன்றைய கணக்கு 5.51. மலையைவிடக் குண்டு நம்பகமானது போலும்.

இதையெல்லாம் நினைத்தபோது கொழுந்து பறித்த அம்மா ஞாபகம் வந்தாள். மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டிலில், கொழுந்து நிறுப்பது விற்றராசில்; சுருள்வில் இழுபடுவதை வைத்து நிறை காட்டும் தராசு. புவியீர்ப்பு மலையில் சற்றுக் குறைவு என்பதால், கொழும்பில் சரிபார்த்த விற்றராசு இங்கே குறைத்துத்தான் காட்டும். ஒரு நாள் கணக்குப் போட்டேன்: 20 கிலோவுக்கு 10 கிராம்கூடத் தேறாது. தட்டுத் தராசென்றால் அதுவும் இல்லை, படிக்கல்லும் சேர்ந்தே இலேசாகிவிடும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோக் கணக்கில் கழித்துவிட்டு அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டார்களே, அதற்கு நியூட்டனிடம் சூத்திரம் இல்லை.

இன்னொன்று. ஈர்ப்பு நேரத்தையும் விடவில்லை. உயரத்தில் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடும். 2010இல் அமெரிக்காவில் அணுக் கடிகாரங்களை வைத்து 33 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்திலேயே அதைப் பிடித்துவிட்டார்கள். நீ வெள்ளவத்தையில் கடலோரம், நான் 1,270 மீட்டரில். வருடத்துக்கு விநாடியில் 10 லட்சத்தில் 4 பங்கு நான் முந்துகிறேன். பள்ளிக்கூடத்தில் என்னைவிட ஆறு மாதம் இளையவன் என்று பீற்றிக்கொள்வாயே, அந்த இடைவெளி இன்னும் கூடிக்கொண்டுதான் போகிறது.

அரைக் கிலோ தேயிலை தபாலில் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் எழுது. கண்ணில் மருந்து விட மறக்காதே.

உன் பழைய வாங்குத் தோழன்