குலுக்கலில் பெயர் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும்

பிரிட்டன் மக்களவையின் பின்வரிசை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அமைச்சரல்லாத உறுப்பினர் தாமே கொண்டுவரும் தனிநபர் மசோதாவுக்கான குலுக்கலில் 20 பேருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. பெயர் வந்ததுமே அரசுத் தரப்பிலிருந்து ஒரு தயார் மசோதா உங்களைத் தேடி வரலாம். வாங்கிக்கொண்டால் ஆதரவு உறுதி, வேலையும் மிச்சம். தயவுசெய்து உடனே தலையாட்டிவிடாதீர்கள். 1969 நவம்பரிலிருந்து 1970 மே வரை ஆல்ஃப் மோரிஸ் என்ன செய்தார் என்று முதலில் பாருங்கள்.

அவர் மான்செஸ்டர் விதன்ஷா தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர். முதல் உலகப் போரில் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்ட அப்பாவைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். குலுக்கலில் முதல் பெயராக வந்தபோது மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு சட்டம் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சிதான். ஆனாலும் அமைச்சர்கள் பெரிதாக உற்சாகம் காட்டவில்லை. அவர் விடவில்லை. திடீரென்று காது கேட்காமல் போன பிறகும் உறுப்பினராகத் தொடர்ந்த ஜாக் ஆஷ்லி உடன் நின்றார். பிரபுக்கள் அவையில் சக்கர நாற்காலியில் வந்தவர்களே எழுந்த கேள்விகளுக்குத் தங்கள் அனுபவத்திலிருந்து பதில் சொன்னார்கள்.

நாட்டில் எத்தனை மாற்றுத்திறனாளிகள் என்பதே அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால்தான் சட்டத்தின் முதல் பிரிவே, எத்தனை பேர், என்ன தேவை என்று கண்டறியும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்கள் மீது வைத்தது. இரண்டாம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். வீட்டு வேலைக்கு ஆள், சாப்பாடு, ரேடியோ, டிவி, நூலகம், விடுமுறைப் பயணம், வீட்டுக்குள் செய்ய வேண்டிய மாற்றங்கள், அப்புறம் தொலைபேசி. தனியாக இருப்பவர் விழுந்துவிட்டால் யாரையாவது கூப்பிட வேண்டாமா? 1970இல் அதை ஒருவர் சட்டத்தில் எழுதியிருக்கிறார்! இன்று என் அம்மாவின் காரில் இருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்தச் சலுகை தரும் நீல அட்டைக்கும் மூலம் இதே சட்டம்தான். முதலில் அது ஆரஞ்சு நிறத்தில் வந்தது.

இடையில் பிரதமர் வில்சன் தேர்தலை அறிவித்துவிட்டார். நாடாளுமன்றம் கலைந்தால் நிறைவேறாத மசோதா செத்துவிடும். சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது மே 29. நாடாளுமன்றம் கலைந்ததும் அதே நாள்.

சட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. பொதுக் கட்டடங்களில் வசதி செய்வதை ‘நடைமுறைக்கும் நியாயத்துக்கும் உட்பட்டு’ என்று எழுதியதால் பலர் நழுவிக்கொண்டார்கள். மாற்றுத்திறனாளிகள் மீதான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1995இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இதே நோக்கத்தில் தொழிற்கட்சி உறுப்பினர் ரோஜர் பெர்ரி கொண்டுவந்த தனிநபர் மசோதாவைத் திருத்தங்களைக் குவித்து, பேசியே சாகடித்தார்கள்.

அதனால் குலுக்கலில் பெயர் வராதவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த மசோதாக்கள் விவாதத்துக்கு வருவது வெள்ளிக்கிழமைகளில். அன்று தொகுதிக்குக் கிளம்பும் அவசரம் புரிகிறது. ஆனால் இழுத்தடிக்கும் பேச்சை நிறுத்தி வாக்கெடுப்புக்குப் போக 100 பேராவது ஆதரித்து வாக்களிக்க வேண்டும். நல்ல மசோதா ஒன்று வரும் வெள்ளியன்று, விவாத நேரம் முடியும் மதியம் இரண்டரை மணி வரை அவையில் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்